படகுக்கு வைத்த பொட்டு

சென்னியப்பன் ஒருவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் மரியாதை குறையாமல்தான் தள்ளுவார். மெர்சியைத் தள்ளியதும் அப்படித்தான். நாற்காலியில் உட்காரச் சொல்லி, காப்பி வரவழைத்து, அவள் பாதி குடிக்கும்வரை பொறுத்திருந்து, "நாளையிலிருந்து நீங்க சிரமப்பட்டு வர வேண்டாமுங்க அம்மணி" என்றார். மீதிக் காப்பியை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் அதையும் குடித்து முடித்துவிட்டு எழுந்தாள். நான்கு வருடம் கழித்தும் அவளுக்குத் தன்மேல் இருந்த பெரிய கோபம் அந்த மீதிக் காப்பியைக் குடித்ததுதான். அவர்மேல் இருந்த கோபத்துக்கு அளவே கிடையாது.

அவிநாசி ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் இயக்குநர். மெர்சி அவரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள். அன்னூர்ப் பக்கம் தோட்டங்களில் கூலிக்குப் போன குடும்பம் அவளுடையது. அந்தக் குடும்பத்தில் ஒருத்தி இயற்பியலில் ஆராய்ச்சி செய்கிறாள் என்றால் என்ன செய்கிறாள் என்று யாருக்கும் புரியாவிட்டாலும் எல்லோருக்கும் பெருமைதான்.

அவள் செய்துகொண்டிருந்தது தங்கத்தின் பிறவிக் குணத்தை மாற்றும் வேலை. தங்கம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆனால் எவ்வளவுதான் குளிர வைத்தாலும் கொஞ்சம் மின்தடையை விடாமல் பிடித்து வைத்திருக்கும். ஈயம் மாதிரி ஒரு சாதாரண உலோகம்கூடக் கடுங்குளிரில் மீக்கடத்தியாகிவிடுகிறது, மின்தடை துளிகூட இல்லாமல் போய்விடுகிறது. தங்கத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மெல்லிய தங்கப் படலத்துக்குள் போரான் அணுக்களை அயனிகளாக்கி வேகமாகச் சுட்டுப் புதைத்தால் தங்கமும் மீக்கடத்தியாகுமா என்பதுதான் சென்னியப்பன் அவளுக்குக் கொடுத்த கேள்வி.

படலம் செய்வதற்கு டங்ஸ்டன் தகட்டில் விரல் நீளத்துக்குக் குழிவான தட்டு ஒன்று உண்டு. ஆய்வகத்தில் அதற்குப் படகு என்று பெயர். படகில் தங்கக் கம்பித் துண்டை வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்த கூண்டுக்குள் சூடாக்கினால் தங்கம் ஆவியாகி மேலே இருக்கும் குவார்ட்ஸ் சில்லில் படியும். அந்தச் சில்லை அயனி எந்திரத்துக்குக் கொண்டுபோய்ப் போரானைச் சுட்டு, பிறகு ஹீலியக் குளிரில் இறக்கி மின்தடையை அளக்க வேண்டும். எத்தனையோ சில்லுகளை அளந்தும் கணினித் திரையில் அந்தக் கோடு பூஜ்யத்தைத் தொட்டதே இல்லை. ஒரு ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்து அவள் செய்த படலத்தில் தொட்டது. சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. மெர்சி எந்திரத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலைப் பொழுது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஓடிப்போய்ச் சொன்னபோது சென்னியப்பன் ரொம்ப சந்தோஷமுங்க அம்மணி என்றார். அந்தப் படகை எடுத்த பெட்டியில் மீதியிருந்த படகுகளில் செய்த படலங்களும் அப்படியே இறங்கின. கட்டுரை அச்சானபோது அதில் முதல் பெயர் நவ்யா, இரண்டாவது பெயர் சென்னியப்பன். நவ்யா அவருடைய மகள், அதே ஆய்வகத்தில் இருந்தவள். கட்டுரையின் அடியில் நன்றி சொல்லும் இடத்தில், ஏசி மெக்கானிக்குக்கு அடுத்தபடியாக மெர்சி இருந்தாள். அவள் போய்க் கேட்டாள். மறுநாள்தான் அந்தக் காப்பி.

இப்போது அவள் சரவணம்பட்டியில் ஒரு பொறியியல் கல்லூரியில், செல்போனை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவாள். ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றிய வரி வரும்போது மட்டும் வாயை இறுக மூடிக்கொள்வாள். பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்கு அது தெரியும், கேட்க மாட்டாள். மெர்சியிடம் அந்த முதல் படலத்தில் உடைந்த ஒரு பாதிச் சில்லு இருந்தது. மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து அதில் பத்திரப்படுத்தியிருந்தாள். அவரிடமிருந்து அவள் கொண்டுவந்தது அது ஒன்றுதான்.

தங்கத்தைப் பேச வைத்த தமிழர் என்று சென்னியப்பனைப் பற்றி ஒரு நாளிதழில் அரைப்பக்கம் வந்தது. பெரிய ஆய்வு மையம் ஒன்று அவர் தலைமையில் வரப்போகிறதாம், நேரில் பார்த்து முடிவுசெய்ய நிபுணர் குழு வருகிறதாம். அன்றைக்கு மெர்சிக்குச் சோறு இறங்கவில்லை. இனியும் சும்மா இருந்தால் நான் மனுஷியே இல்லை என்று மாத்திரை டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு இடையர் வீதிக்கு வண்டியை விட்டாள்.

அங்கே தங்கத்தின் தரம் பார்த்துச் சொல்லும் கடை வைத்திருப்பவள் மிஸ்பா. எம்.எஸ்ஸி.யில் மெர்சியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அத்தாவின் கடையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். அந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய தங்கக் கம்பியை மெர்சி இந்தக் கடையில்தான் வாங்கியிருந்தாள். கம்பியில் மிச்சம் ஒரு துண்டு மிஸ்பாவிடம் இருந்தது. சில்லில் இருப்பதும் அந்தத் தங்கம்தான் என்று காட்டிவிட்டால், படலம் செய்தது யார் என்று குழுவிடம் எடுத்துச் சொல்லலாம் என்பது மெர்சியின் கணக்கு.

நகையை உரசாமல் எக்ஸ்ரே விட்டுத் தரம் பார்க்கும் கேரட் மீட்டரில் மிஸ்பா சில்லை வைத்து மூடினாள். திரையைப் பார்த்தவள் சிரித்தாள்.

"இதென்ன புள்ள, அனுமார் கோயில் நகையா?"

மெர்சிக்குப் புரியவில்லை. கோயில் நகை வந்தால் இப்படித்தான் ஈயம் காட்டும் என்றாள் மிஸ்பா. ஆஞ்சநேயருக்குச் சாத்தும் அந்த ஆரஞ்சுச் செந்தூரத்தில் ஈயம் கலந்திருக்கும், நகையின் இடுக்கில் ஒட்டியிருக்கும், பிரஷ் போட்டுக் கழுவிவிட்டுத்தான் நாங்கள் மீட்டரில் வைப்போம் என்றாள். சில்லைத் துடைத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் ஈயம். கம்பித் துண்டை வைத்தாள். அதில் ஈயம் இல்லை. அப்படியென்றால் ஈயம் மேலே ஒட்டியிருக்கவில்லை, தங்கத்துக்கு அடியில் இருக்கிறது.

மெர்சி கடை ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்த ஆயுத பூஜை அவள் கண்முன் வந்தது. சென்னியப்பன் ஆஞ்சநேய பக்தர். பூஜைக்கு முதல்நாளே அவளிடம், உங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லீங்களே, சங்கடப்பட வேண்டாம், அப்படி வாசல் பக்கமா நின்னுக்குங்க என்று சொல்லியிருந்தார். தினமும் அவள் கைபட்டு ஓடிய எந்திரங்களுக்கு மற்றவர்கள் பூப்போட, அவள் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றாள். அங்கிருந்து பார்த்தபோது, எண்ணெயில் குழைத்த செந்தூரத்தை அவர் ஒவ்வொரு எந்திரத்துக்கும் வைத்துக்கொண்டே வந்து, புதுப் படகுகள் இருந்த பெட்டியையும் திறந்து குனிந்தார். அதற்குமேல் அவர் முதுகுதான் தெரிந்தது. பிரசாதம் வாசலுக்கு வந்தது, அவளும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

படகின் குழியில் செந்தூரம் வைத்திருக்கிறார். யாரோ துடைத்துவிட்டுத் திரும்பப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், ஆனால் எண்ணெய்ப் பசை முழுக்கப் போகவில்லை. சூடு ஏறியதும் தங்கத்துக்கு முந்தி ஈயம்தான் ஆவியாகிச் சில்லில் படிந்திருக்கிறது, அதன்மேல் தங்கம். பிறகு போரான் குண்டுகள் பாய்ந்து இரண்டையும் கலக்கிவிட்டன. தனி ஈயமாக இருந்திருந்தால் அது பூஜ்யம் தொடும் வெப்பநிலையை வைத்தே அவள் பிடித்திருப்பாள். தங்கத்தோடு கலந்த ஈயம் வேறொரு வெப்பநிலையில் இறங்கி எல்லோரையும் ஏமாற்றிவிட்டது. மேலாகப் பார்த்தவர்களுக்கெல்லாம் சுத்தத் தங்கம்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. இத்தனை வருடம் தன்னிடமிருந்து தங்கத்தைத் திருடிவிட்டார் என்று நினைத்திருந்தாளே, அவர் திருடியது ஒரு பிழையை. அதுவும் அவரே தன் விரலால் வைத்த பிழை. என் பொருள் திருட்டுப் போனது என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளவாவது ஒரு பொருள் இருந்தது, இப்போது அதையும் பிடுங்கிவிட்டார். அந்தக் காலைப் பொழுதே அழுக்கில் பிறந்தது என்றாகிவிட்டது. பூஜையில் அவளை உள்ளே நிற்க விட்டிருந்தால் படகில் பொட்டு விழுந்ததைப் பார்த்திருப்பாள், பார்த்திருந்தால் அந்தப் பெட்டியைத் தூக்கி எறிந்திருப்பாள். மிஸ்பா தண்ணீர் கொடுத்து, இதை உடனே போய் எல்லோரிடமும் சொல் என்றாள். வேலையை விட்டுத் துரத்தப்பட்டவள் சொன்னால் வயிற்றெரிச்சல் என்பார்கள் என்றாள் மெர்சி. சொல்கிறபடி சொல்ல வேண்டும், அவர் தலை தூக்க முடியாதபடி சொல்ல வேண்டும் என்றாள்.

வழியை அவரே கொண்டுவந்து கொடுத்தார். ஒரு மத்தியானம் போன் வந்தது.

"ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கறீங்களா? ஊட்டுல அம்மா சௌக்கியமுங்களா?"

சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வந்தார். கட்டுரை வந்த பிறகு படலம் செய்யப் புது எந்திரம் வாங்கியிருந்தார்கள். கம்பெனி என்ஜினியர் உள்ளே ஒரு விரல் படக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னதால் ஆயுத பூஜைப் பொட்டு அதற்கப்புறம் வெளிக்கதவோடு நின்றுவிட்டது. அதோடு தங்கமும் பேச்சை நிறுத்திக்கொண்டது. பூஜைக்கும் தங்கத்துக்கும் உள்ள உறவு அவருக்கு எங்கே தெரியும்? நவ்யா செய்து பார்த்தாள், வேறு ஆட்கள் செய்து பார்த்தார்கள், கோடு பூஜ்யத்துக்கு இறங்குவேனா என்றது. குழுவோ கண்முன்னால் செய்து காட்டு என்கிறது. உங்க கைராசி வேற யாருக்கும் வரலீங்க என்றார் சென்னியப்பன்.

மெர்சி இரண்டு விஷயம் கேட்டாள். பழைய எந்திரத்தில்தான் செய்வேன் என்றாள். கட்டுரையில் பெயர் விட்டுப்போனது என்று பத்திரிகைக்கு எழுதி, தன் பெயரை முதல் பெயராகப் போட வேண்டும் என்றாள். பெயருக்கு ஆசைப்படுகிறாள் என்று நினைத்திருப்பார். ஆசைதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் வெளியாள் குறை சொன்னால் காதில் வாங்காமல் இருந்துவிடலாம், முதல் பெயர்க்காரி இது பிழை என்று எழுதினால் எந்தப் பத்திரிகையும் கேட்டாக வேண்டும். அதற்காகத்தான் கேட்டாள். அவருக்கு வேறு வழி இல்லை, சரியென்றார்.

திருத்தம் அச்சாகி வந்தது. அப்போதுதான் சங்கடம் ஆரம்பித்தது. முதல் பெயர் மெர்சி என்று திரையில் பார்த்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கல்லூரி முதல்வர் சால்வை போர்த்தினார். அம்மா சர்ச்சில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தாள். புது மையத்தில் சென்னியப்பனுக்கு அடுத்த நாற்காலி அவளுக்குத்தான் என்று செய்தி வந்தது. யோசித்துப் பார்த்தால் எவ்வளவு சுலபம். யாருக்கும் தெரியாமல் படகில் துளிச் செந்தூரத்தைத் தேய்த்துவிட்டால் போதும். அவள் ஒருத்தியால்தான் முடியும் என்று ஆகிவிடும், அந்த மனுஷர் ஆயுசு முழுக்க அவள் வாசலில் வந்து நிற்பார். அதுவும் ஒரு பழிதான். குழு வரும் நாள்வரை அவள் மனசு இரண்டு பக்கமும் ஆடியது. அம்மாவின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பக்கம், காப்பி வாசனை வரும்போதெல்லாம் மறுபக்கம்.

குழுவுக்குத் தலைவியாக வந்தவர் பெங்களூரில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியை, நெற்றியில் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்க்கிறவர். பழைய எந்திரத்தைத் திறந்ததும் மெர்சி சென்னியப்பன் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க சார், சாமி கும்புடாமெ ஆரம்பிக்கறதுங்களா? அன்னைக்குப் படகுக்குப் பொட்டு வெச்சீங்களே, அதே மாதிரி இந்தப் படகுக்கும் உங்க கையால வெச்சுக் கொடுங்க."

அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. வேதக்காரப் பெண்ணே கேட்கிறாள் பாருங்கள் என்று குழுவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, மேசை டிராயரில் இருந்து செந்தூர டப்பாவை எடுத்தார். குழைத்து, கண்ணை மூடி, படகின் குழியில் அழுத்தி வைத்தார். நவ்யா, யாரும் சொல்லாமலே, டிஷ்யூவை எடுத்து அதைத் துடைத்துக் கொடுத்தாள். மெர்சி புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்துப் பொட்டு வைக்காத இன்னொரு படகையும் எடுத்தாள். அது எதற்கு என்று தலைவி கேட்டார். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் என்றாள். அது நல்ல பழக்கம் என்று சொல்லி அவர் பொட்டில்லாத படகிலேயே முதலில் படலம் செய்யச் சொன்னார். பிறகு பொட்டு வைத்த படகு. இரண்டு சில்லுக்கும் பின்னால் தன் கையெழுத்தைப் போட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் போரானைச் சுட்டார்கள்.

மறுநாள் பொட்டு வைத்த படகின் சில்லைத்தான் மெர்சி முதலில் குளிரில் இறக்கினாள். கோடு இறங்கியது. இறங்கி, பழையபடி பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. அறையே கை தட்டியது. சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்க மெர்சிதானுங்க இனி இந்த மையத்துக்கு எல்லாம் என்றார். தலைவி கைப்பையை மூடி, விமானத்துக்கு நேரமாகிறது, ஒன்று பார்த்ததே போதும் என்று எழுந்தார். எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தானே அவள் இத்தனை வருடம் ஏங்கினாள். போதுமுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் வாழ்க்கை முழுக்க அது அவளுக்குத்தான். அப்போது சென்னியப்பன் அவள் தோள்பக்கம் குனிந்து, அன்னைக்கு நடந்ததை மனசுல வெச்சுக்காதீங்க அம்மணி, வாங்க, காப்பி சாப்பிடலாம் என்றார்.

"இன்னொரு சில்லு இருக்குதுங்க" என்றாள் மெர்சி, தலைவியைப் பார்த்து.

தலைவி உட்கார்ந்தார். இரண்டாவது சில்லு இறங்கியது. கோடு சமதரையில் போகிற மாதிரி போய்க்கொண்டே இருந்தது, பூஜ்யத்தின் பக்கம்கூட வரவில்லை. போரான் சரியாகப் பாய்ந்திருக்காது என்று குழுவில் ஒருவர் சொன்னார். இரண்டும் ஒன்றாக இருந்ததை நானே பார்த்தேனே என்றார் தலைவி. பிறகு மெர்சி நிதானமாக எல்லாவற்றையும் சொன்னாள். படகு, பொட்டு, செந்தூரம், ஈயம். முதல் சில்லையும் செந்தூர டப்பாவையும் நிலையத்தின் எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் ஈயம்.

சென்னியப்பன் இன்னமும் புன்னகையை விடவில்லை. இன்றைக்கு இருக்கலாம், ஆனால் அன்றைக்குச் செய்த படலங்கள் சுத்தம், அன்றைக்குப் படகில் பொட்டு வைத்ததற்கு யார் சாட்சி, இந்த அம்மணி அன்று உள்ளேயே வரவில்லையே என்றார். மெர்சி கைப்பைக்குள் கைவிட்டாள். மாத்திரை டப்பாவை நீட்டினாலும் அவள் வீட்டில் இருந்த சில்லுதானே என்பார்.

"வெச்சீங்கப்பா" என்றாள் நவ்யா. "அன்னைக்கு அத்தனை படகையும் நான்தான் தொடச்சு உள்ள வெச்சேன்."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முன்பு அரிசிம்பருப்புச் சாதம் கொண்டுவந்து மெர்சியோடு பகிர்ந்து சாப்பிட்டவள் அவள். அவளுக்கும் சேர்த்துத்தான் இந்த அடி விழுகிறது என்பதை மெர்சி அதுவரை நினைத்துப் பார்க்கவே இல்லை. நினைத்தபோது மனசு வலித்தது. ஆனாலும் முன்கூட்டியே நினைத்திருந்தாலும் மெர்சி இந்த வழியைவிட்டுத் திரும்பியிருக்க மாட்டாள்.

குழு கிளம்பிப் போனது. மையம் இனி வராது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வராந்தாவில் மெர்சி கையில் யாரோ ஒரு காப்பியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பின்னாலேயே சென்னியப்பன் வந்தார். ஒரே நாளில் கன்னம் தொங்கிப்போயிருந்தது.

"என்ன காரியம் செஞ்சுபோட்டே? அந்தக் கட்டுரைய வாபஸ் வாங்கினா உன்ற பேருந்தானே நாறும்? இனி எவன் உனக்கு ஒரு எந்திரத்தத் தொடக் கொடுப்பான்?"

ஒரு 'ங்க' இல்லை, ஒரு அம்மணி இல்லை. இத்தனை வருடத்தில் அந்த மனுஷரின் சொந்தக் குரலை அவள் முதன்முதலாகக் கேட்டாள். அவர் சொன்னது நிஜம் என்றும் அவளுக்குத் தெரியும். வீட்டில் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

"தெரியுமுங்க சார்" என்றாள். "வாபஸ் வாங்கறேன்னு எழுதி இப்பத்தான் போன்லயே அனுப்பிப்போட்டேனுங்க. முதல் பேரு என்னுதுங்க. அடுத்தது நவ்யா, அதுக்கடுத்தது நீங்க."

பாதிக் காப்பியை அப்படியே ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு அவள் வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்தாள்.